பேசியவர்கள் பட்டியல்

கரும்பலகையின் வலது ஓரத்தில் மேலிருந்து கீழாக ஒரு கோடு. கோட்டுக்கு அந்தப் பக்கம் ‘பேசியவர்கள்’ என்று தலைப்பு. 1980களில் தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். ஆசிரியர் இல்லாத நேரத்தில் வாயைத் திறந்தவர் பெயரை லீடர் எழுதிவைப்பான். மறுபடி பேசினால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி. அதற்கும் அடங்காவிட்டால் ‘மிக’, ‘மிக மிக’. சார் உள்ளே வந்ததும் பலகையைத்தான் முதலில் பார்ப்பார். பட்டியலில் உள்ளவர்கள் வரிசையாக எழுந்து போய்க் கையை நீட்ட வேண்டும். யார் என்ன பேசினார்கள் என்று எந்த ஆசிரியரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. கணக்குப் புரியாமல் பக்கத்தில் கேட்டவளுக்கும், சினிமாக் கதை சொன்னவனுக்கும் ஒரே அடி.

அந்த லீடரைத் தேர்ந்தெடுத்தது நாங்கள் அல்ல, வகுப்பாசிரியர். பையன் உயரமாக இருக்க வேண்டும். குரல் கணீரென்று இருக்க வேண்டும். ஆசிரியர் அறையிலிருந்து சாக்பீஸ் டப்பாவும் வருகைப் பதிவேடும் எடுத்துவர வேண்டும். பதினோரு மணிக்குத் தூக்குவாளியோடு டீக்கடைக்குப் போய்வர வேண்டும். இந்தக் கடைசி வேலைக்காகவே எந்தத் தெருப் பையன் என்பதும் பார்க்கப்பட்டது. கடைக்காரர் யார் கையில் வாளியைக் கொடுப்பார், யார் கொண்டுவந்த டீயை ஆசிரியர்கள் முகம் சுளிக்காமல் குடிப்பார்கள் என்ற கணக்கு அது. ஒருவரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. பாடப் புத்தகத்தில் இல்லாத அந்தப் பாடம் எங்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

எட்டாம் வகுப்பில் அமைச்சரவை அமைத்தார்கள். பிரதமர், கல்வி அமைச்சர், உணவு அமைச்சர், சுகாதார அமைச்சர், குடிநீர் அமைச்சர். சுதந்திர தினத்தன்று கொடிக்கம்பத்தின் கீழே நிறுத்தி உறுதிமொழி சொல்லவைத்தார்கள். உணவு அமைச்சருக்கு வேலை நிறைய இருந்தது. 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம் எங்கள் வயதுப் பிள்ளைகளுக்கு 1984இல்தான் நீண்டது. திடீரென்று வரிசை இரண்டு மடங்காகி, தட்டுகள் போதாமல், பெரிய வகுப்புப் பிள்ளைகள் சின்னவர்கள் சாப்பிட்டு முடிக்கும்வரை வெயிலில் நின்றோம். சின்னப் பிள்ளைகளுக்குப் பத்து நிமிடம் முன்னால் மணி அடித்தால் போதும், நெரிசல் தீர்ந்துவிடும். இதை உணவு அமைச்சர் எங்களிடம் சொன்னாள். யாரிடம் போய்ச் சொல்வது என்று அவளுக்கும் தெரியவில்லை, எங்களுக்கும் தெரியவில்லை. அவள் வேலை வரிசையை ஒழுங்குபடுத்துவது. வரிசை ஏன் நீள்கிறது என்பது அவள் இலாகாவில் வராது.

நான் குடிநீர் அமைச்சர். அடிபம்பில் தண்ணீர் அடித்து மூன்று மண்பானைகளை நிரப்பி, மேலே தட்டு மூடி, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவைக்க வேண்டும். அந்த வேலையை ஒரு நாளும் தவறவிட்டதில்லை. ஆனால் அந்தப் பானையிலிருந்து நானோ என் வகுப்புப் பெண்களோ ஒரு வாய் குடித்ததில்லை. காரணம் எளிது. பள்ளியில் பெண் பிள்ளைகளுக்குக் கழிப்பறை இல்லை. பின்பக்கம் கருவேலங்காடு, அதற்கு அப்பால் சாலை. காலையில் வீட்டில் ஒன்றரை டம்ளர் நீராகாரம், பிறகு மாலை வீடு திரும்பியபின்தான் தண்ணீர். மாதவிலக்கு நாட்களில் பள்ளிக்கே வரமாட்டோம். பெரிய பெண்ணாகி இரண்டு மாதத்தில் படிப்பை நிறுத்திக்கொண்ட தோழிகளை நினைக்கும்போது இன்றும் எனக்கு நெஞ்சு கொதிக்கிறது. படிப்பு வராமல் நின்றவர்கள் இல்லை அவர்கள். ஒரு மறைப்புச் சுவர் இல்லாமல் நின்றவர்கள்.

அந்த ஆண்டு டிசம்பரில் சட்டமன்றத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் சேர்த்துத் தேர்தல். இந்திரா காந்தி கொல்லப்பட்டு இரண்டு மாதம்கூட ஆகவில்லை. எம்.ஜி.ஆர். அமெரிக்காவில் புரூக்ளின் மருத்துவமனையில் படுத்தபடியே ஆண்டிப்பட்டியில் போட்டியிட்டார். எங்கள் வகுப்பறைதான் வாக்குச்சாவடி. பெஞ்சுகளையெல்லாம் வெளியே தூக்கிப் போட்டு, அட்டை மறைப்பு வைத்து, வாசலில் சுண்ணாம்புக் கோடு இழுத்திருந்தார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்தபோது, அடுத்த தெருவில் நாள்முழுக்கத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பாட்டியும், எங்கள் சாருக்கு நிலம் குத்தகைக்கு விட்டவரும், எங்கள் தெருவில் பறையடிக்கும் பெரியவரும் ஒரே வரிசையில் நின்றார்கள். என் வாழ்க்கையில் அந்த வரிசையைப் போல எதுவும் என்னை அசைத்ததில்லை. பிற்பாடு நான் சமூக அறிவியல் ஆசிரியர் ஆனதற்கு அதுவே காரணம். தேர்தல் முடிந்து பள்ளி திறந்ததும் கிழிந்த வாக்காளர் சீட்டுகளையும் மை கொட்டிய கறையையும் நாங்கள் பெருக்கித் துடைத்தோம். அடுத்த பாடவேளை குடிமையியல். மக்களாட்சிக்கு ஆபிரகாம் லிங்கன் சொன்ன இலக்கணத்தை மனப்பாடமாக ஒப்பிக்க வேண்டும். ஒப்பிக்காதவர்களையும் லீடர் எழுதிவைத்தான்.

வாக்குரிமை வயதை 21லிருந்து 18ஆகக் குறைத்த அரசியல் சட்டத்தின் 61ஆவது திருத்தம் 1989இல் நடைமுறைக்கு வந்தது. நான் முதல் வாக்கைப் போட்டதும் அந்த ஆண்டுதான். அதே 1989 நவம்பரில் ஐ.நா. பொதுச்சபை குழந்தைகளின் உரிமைகளுக்கான உடன்படிக்கையை ஏற்றது. இந்தியா 1992 டிசம்பரில் அதில் இணைந்தது. அதன் 12ஆவது பிரிவு, தன்னைப் பாதிக்கும் எல்லா விஷயங்களிலும் கருத்துச் சொல்லக் குழந்தைக்கு உரிமை உண்டு என்கிறது. வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அந்தக் கருத்துக்கு மதிப்புக் கொடுக்க வேண்டும் என்கிறது. ஆசிரியர் பயிற்சியில் இருந்தபோது இந்தப் பிரிவு எங்கள் கண்ணில் படவில்லை. பல ஆண்டுகள் கழித்து ஒரு பயிற்சி முகாமில் கொடுத்த கையேட்டில்தான் முதன்முதலாகப் படித்தேன். படித்த அன்று எங்கள் உணவு அமைச்சரின் பத்து நிமிட மணிதான் நினைவுக்கு வந்தது.

இப்போது நான் பாடம் சொல்லிக்கொடுக்கும் நடுநிலைப் பள்ளியில் பிரம்பு இல்லை. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு அடிப்பதையும் மனத்தைப் புண்படுத்துவதையும் தடைசெய்கிறது. பெண்களுக்குத் தனிக் கழிப்பறை உண்டு. காலை உணவு உண்டு. புகார் போட ‘மாணவர் மனசு’ பெட்டி உண்டு, சுவரில் 1098, 14417 உதவி எண்கள் உண்டு. 2024 குழந்தைகள் தினத்தன்று தொடங்கிய ‘மகிழ் முற்றம்’ திட்டத்தில் பிள்ளைகளைக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று ஐந்து அணிகளாகப் பிரித்திருக்கிறோம். ஒரே அணியில் ஆறாம் வகுப்புப் பிள்ளையும் எட்டாம் வகுப்புப் பிள்ளையும் சேர்ந்திருப்பது நல்ல ஏற்பாடு. இவை ஒவ்வொன்றும் யாரோ போராடிப் பெற்றவை. அந்தக் காலம்தான் பொற்காலம் என்று பேசுகிறவர்களோடு எனக்கு ஒட்டாது. அந்தக் காலத்தில் தண்ணீர் குடிக்காமல் இருந்தவள் நான்.

மாணவர் தலைவர் தேர்தலும் இப்போது கோலாகலமாக நடக்கிறது. வேட்புமனு, பரிசீலனை, வாபஸ், சின்னம், பிரச்சாரத்துக்கு ஒரு நாள். செல்போனில் ஒரு செயலியை இறக்கி அதையே வாக்குப்பதிவு இயந்திரமாக்கிவிடுகிறோம். பொத்தானை அழுத்தினால் ‘பீப்’ என்று நீளமாக ஒலிக்கும். விரலில் மார்க்கர் பேனாவால் மை. பிள்ளைகளுக்குக் கொள்ளை மகிழ்ச்சி. புகைப்படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டால் பாராட்டு குவியும். வென்றவர் மறுநாள் இறைவணக்கக் கூட்டத்தில் பேட்ஜ் குத்திக்கொள்வார். பிறகு ஆண்டு முழுக்க அவர் செய்வது என்ன? ‘அட்டென்ஷன்’ சொல்வது, வரிசையை நேராக்குவது, சத்தம் போடுபவர்களை அடக்குவது. வாக்குப் பெட்டி செல்போன் ஆகிவிட்டது. வேலை மட்டும் 1984இல் எங்கள் லீடர் பார்த்த அதே வேலை.

இதைவிட என் தூக்கத்தைக் கெடுத்தது இன்னொன்று. வாக்கு எண்ணி முடித்ததும் பிள்ளைகள் தாமாகவே ஒரு கணக்குப் போடுகிறார்கள். “டீச்சர், அவனுக்கு எங்க தெருவுல ஒரு ஓட்டுகூட விழல.” பன்னிரண்டு வயதுப் பையன் சொன்னது. ரகசிய வாக்கு, யார் யாருக்குப் போட்டார்கள் என்று எவருக்கும் தெரியாது. ஆனால் அவர்களுக்குத் தெரிகிறது. எண்ணிக்கையைத் தெரு வாரியாகப் பிரித்துப் பார்த்துவிடுகிறார்கள். ஊரில் பெரியவர்கள் தேர்தல் நாள் இரவில் டீக்கடை பெஞ்சில் போடும் அதே கூட்டல்.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனையும் அவன் தங்கையையும் அவனோடு படித்தவர்களே சாதி வெறியில் வீடு புகுந்து வெட்டியதைத் தமிழ்நாட்டில் எந்த ஆசிரியராலும் மறக்க முடியாது. அதன்பின் அமைத்த நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கையில் வண்ணக் கயிறு கட்டுவதைத் தடைசெய்யச் சொன்னது, பள்ளிப் பெயர்களிலிருந்து சாதியை நீக்கச் சொன்னது. அந்தச் சமயத்தில் எங்கள் ஆசிரியர் அறையில் ஒருவர், “அதுக்குத்தான் சொல்றேன், பிள்ளைங்களுக்குத் தேர்தலே வேணாம். பழையபடி நாமளே ஒருத்தனை நிறுத்திடலாம்” என்றார். அவர் பயத்தில் நியாயம் இருந்தது. ஆனால் ‘பழையபடி’யில் என்ன நடந்தது என்பதைத் தூக்குவாளி எனக்குச் சொல்லியிருக்கிறது. நியமித்தாலும் தெரு, தேர்தல் வைத்தாலும் தெரு. அப்படியென்றால் கோளாறு வேறெங்கோ இருக்கிறது.

அது எங்கே இருக்கிறது என்பது எனக்குப் புரிந்தது 2025 ஜூலையில், பெஞ்சு விவகாரத்தில்.

2024இல் வெளிவந்த ‘ஸ்தானார்த்தி ஸ்ரீகுட்டன்’ என்ற மலையாளப் படம் ஒரு பள்ளித் தேர்தல் கதை. கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் லீடர் தேர்தலில் நிற்கிறான். அந்தப் படத்தில் கடைசி பெஞ்சு என்பதே இல்லாதபடி இருக்கைகளைச் சுவரோரமாகச் சுற்றிப் போடுகிறார்கள். அதைப் பார்த்துக் கேரளத்தில் சில பள்ளிகள் அப்படியே மாற்றின. தமிழ்நாட்டிலும் ‘ப’ வடிவில் இருக்கை போடச் சொல்லிப் பள்ளிக் கல்வித் துறையிலிருந்து சுற்றறிக்கை வந்தது. உடனே விவாதம் கிளம்பியது. கழுத்து வலிக்கும் என்றார்கள் சிலர், கடைசி பெஞ்சு ஒழிந்தால் சமத்துவம் வரும் என்றார்கள் சிலர். சில நாட்களில் திட்டம் நிறுத்திவைக்கப்பட்டது. டிவியில் மருத்துவர்கள் பேசினார்கள், கல்வியாளர்கள் பேசினார்கள், அரசியல்வாதிகள் பேசினார்கள். அந்த பெஞ்சில் நாள் முழுக்க உட்காரப்போகிற ஒரு பிள்ளையை உட்காரவைத்துக் கேட்ட நிகழ்ச்சி ஒன்றையும் நான் பார்க்கவில்லை. போடச் சொன்னபோதும் கேட்கவில்லை, எடுக்கச் சொன்னபோதும் கேட்கவில்லை.

நான் எட்டாம் வகுப்பில் கேட்டேன். பாடம் நடத்துகிற பாவனையில் இல்லை. நிஜமாகவே அவர்கள் சொல்வதைச் செய்வது என்று ஹெச்.எம். சாரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு கேட்டேன். ஒரு வாரம் ‘ப’, ஒரு வாரம் பழைய வரிசை என்று உட்கார்ந்து பார்த்தார்கள். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் கூடிப் பேசினார்கள். பேச வேண்டியவர் கையில் ஒரு டஸ்டர் இருக்க வேண்டும், டஸ்டர் இல்லாதவர் கேட்க வேண்டும் என்பது மட்டும்தான் விதி.

முதலில் டஸ்டரை வாங்கியது வாயே திறக்காத ஒரு பெண். “டீச்சர், ஃபேன் ‘ப’வுக்கு நடுவுல சுத்துது. அங்க யாரும் இல்ல. நாங்க எல்லாம் செவத்தோரமா வெந்துட்டு இருக்கோம்.” வகுப்பே மேலே பார்த்தது. உண்மைதான். இரண்டு மின்விசிறிகளும் காலித் தரைக்குக் காற்று வீசிக்கொண்டிருந்தன. சுற்றறிக்கை எழுதியவருக்கும், எதிர்த்துப் பேசியவருக்கும், தினமும் அந்த அறைக்குள் போய்வரும் எனக்கும் படாதது அது. அடுத்து ஒருவன், வலப்பக்கச் சுவரோரம் உட்கார்ந்தால் மதியத்துக்குமேல் ஜன்னல் வெளிச்சம் பட்டுப் பலகை பளபளக்கிறது, எழுத்தே தெரிவதில்லை என்றான். கிட்டப்பார்வை உள்ள மூன்று பிள்ளைகள், எப்படிப் போட்டாலும் சரி, எங்களுக்கு முன்னால் இடம் வேண்டும் என்றார்கள். உயரமான பையன்கள் ‘ப’தான் வேண்டும் என்றார்கள், பின்னால் இருப்பவர்கள் ‘தலைய எடுடா’ என்று திட்டுவது நின்றுவிட்டதாம். கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன், தனக்குக் கடைசி பெஞ்சுதான் பிடிக்கும் என்று சொன்னதும் சிரித்தார்கள். டஸ்டர் கையில் இருந்ததால் அவன் விடவில்லை. “எனக்குத் திக்குதுல்ல. எல்லாரும் மூஞ்சியப் பாத்துட்டே இருந்தா இன்னும் திக்கும்.” சிரிப்பு நின்றது.

முடிவு இது: தமிழ், சமூக அறிவியல் பாடவேளைகளில் ‘ப’, கணக்கு, அறிவியலில் வரிசை. ‘ப’ போடும்போது சுவரை ஒட்டாமல் இரண்டு அடி உள்ளே இழுத்துப் போட வேண்டும், காற்று வரும். முன்னிடம் கிட்டப்பார்வைக்காரர்களுக்கு. திக்குகிற பையன் எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம், அவன் இஷ்டம். பெஞ்சு நகர்த்தும் வேலை வாரத்துக்கு ஒரு அணி. இன்றுவரை அப்படித்தான் நடக்கிறது.

நான் சொல்லவந்தது அந்த முடிவைப் பற்றியல்ல. அன்று கை தூக்கி வாக்கெடுத்தபோது நான் பின்னால் நின்று பார்த்தேன். எந்தத் தெருவும் ஒன்றாகக் கை தூக்கவில்லை. உயரமானவர்கள் ஒரு பக்கம், ஜன்னலோரத்தவர்கள் ஒரு பக்கம், கண்ணாடிக்காரர்கள் ஒரு பக்கம். அதற்கு முந்தைய மாதம் தலைவர் தேர்தலில் எதிரும் புதிருமாக நின்ற இரண்டு தெருப் பையன்கள், பலகை பளபளக்கிறது என்பதற்காக ஒரே கட்சியில் இருந்தார்கள். ஒரு ஆளைத் தேர்ந்தெடு என்று சொன்னால் பிள்ளைகள் ஊரிலிருந்து கொண்டுவந்த பிரிவினையை எடுத்து வைக்கிறார்கள். ஒரு விஷயத்தை முடிவுசெய் என்று சொன்னால் அந்த விஷயமே அவர்களை வேறு மாதிரி பிரிக்கிறது, வேறு மாதிரி சேர்க்கிறது. நாம் பள்ளியில் பல ஆண்டுகளாக முதலாவதை மட்டும் கொடுத்துவிட்டு, அதற்கு மக்களாட்சிப் பயிற்சி என்று பெயர் வைத்திருக்கிறோம். தேர்தல் வேண்டாம் என்பதில்லை. தேர்ந்தெடுக்கப்பட்டவர் கையில் முடிவெடுக்க ஒன்றுமே இல்லாதபோது, ஆள் யார் என்பதைத் தவிர வாக்காளருக்கு யோசிக்க வேறென்ன இருக்கிறது?

ராஜஸ்தானில் அஜ்மீர் மாவட்டத்துத் திலோனியாவில் இதை 1990களிலேயே செய்துகாட்டினார்கள். பங்கர் ராய் தொடங்கிய பேர்ஃபுட் கல்லூரி அங்கே நடத்திய இரவுப் பள்ளிகளில், பகலில் ஆடு மேய்க்கும் பிள்ளைகள் சூரிய விளக்கொளியில் படித்தார்கள். அவர்கள் தேர்ந்தெடுத்த குழந்தைகள் நாடாளுமன்றம் அலங்காரத்துக்கு இருக்கவில்லை. ஆசிரியர் ஒழுங்காக வருகிறாரா என்று பார்த்தார்கள். விளக்கு எரியவில்லை, குடிக்கத் தண்ணீர் இல்லை என்று பெரியவர்களைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். பெரியவர்கள் பதில் சொன்னார்கள். ஆடு மேய்க்கும் பெண் அங்கே பிரதமராக இருந்திருக்கிறாள். ஊரில் அவளைவிட உயர்ந்த இடத்துப் பெரியவர்கள் அவள் முன்னால் கணக்குச் சொல்ல வேண்டியிருந்தது என்பதுதான் அதில் எனக்குப் பிடித்த செய்தி.

போலந்தில் வார்சா நகரத்து அனாதை இல்லத்தை நடத்திய மருத்துவர் யானுஷ் கோர்ச்சாக் இன்னும் ஒரு படி மேலே போனார். அங்கே குழந்தைகள் நீதிமன்றம் இருந்தது, நீதிபதிகளும் குழந்தைகளே. அதன் சட்டத் தொகுப்பில் முதல் 99 பிரிவுகளும் மன்னித்து விடுவதற்கும் வழக்கைக் கைவிடுவதற்கும் உரியவை. ஒரு பையனின் காதில் அறைந்ததற்காக, ஒரு பெண்ணைத் திருடி என்று சந்தேகித்ததற்காக, கோர்ச்சாக் தம்மைத் தாமே அந்த நீதிமன்றத்தில் நிறுத்திக்கொண்டார். அரை ஆண்டில் ஐந்து முறை நின்றதாக எழுதியிருக்கிறார். 1942இல் நாஜிகள் அந்தக் குழந்தைகளை டிரெப்ளிங்கா வதைமுகாமுக்குக் கொண்டுபோனபோது, தப்பிக்கக் கிடைத்த வழிகளை மறுத்து அவர்களோடே போய் மாண்டார். குழந்தைகளின் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டால் ஆசிரியரின் மரியாதை போய்விடும் என்று யாராவது சொல்லும்போது அவரைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

நம் ஊருக்கு வருவோம். கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆவது பிரிவு, அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகள் தவிர ஒவ்வொரு பள்ளிக்கும் மேலாண்மைக் குழு வேண்டும் என்கிறது. நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். தமிழ்நாட்டில் 2022இல் இந்தக் குழுக்களுக்கு உயிர் கொடுத்தார்கள். அதுவரை பெயருக்குக் கையெழுத்துப் போட்டுப்போன தாய்மார்கள் இப்போது ஹெச்.எம்.முக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து கேள்வி கேட்கிறார்கள். எங்கள் குழுத் தலைவி நூறுநாள் வேலைக்குப் போகிறவர். நான் 1984இல் ஜன்னல் வழியாகப் பார்த்த வரிசையின் தொடர்ச்சியாகத்தான் அவரைப் பார்க்கிறேன்.

2023இல் பள்ளி மானியத்தை எப்படிச் செலவழிப்பது என்று குழு கூடியது. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் நூறுக்கு மேல் 250 வரை பிள்ளைகள் உள்ள பள்ளிக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய்; அதில் பத்தில் ஒரு பங்காவது தூய்மைப் பணிக்குச் செலவிட வேண்டும். சுற்றுச்சுவருக்குப் பெயின்ட், வாசலில் பெயர்ப்பலகை, கழிப்பறைக்கு ஃபினாயிலும் துடைப்பமும் என்று பட்டியல் தயாராக இருந்தது. அதைத் தீர்மான நோட்டில் ஏற்றுவதற்கு முன் எட்டாம் வகுப்புப் பெண்களைக் கேட்கலாம் என்றேன். தலைவி, “கூப்பிடுங்க டீச்சர், அதுங்களுக்குத் தெரியாததா” என்றார். இரண்டு பெண்கள் வந்தார்கள். குழுவில் இருந்த ஆண்களைப் பார்த்து முதலில் தயங்கினார்கள். தலைவி அவர்களைத் தன் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார்.

அவர்கள் கேட்டது மூன்று. உள்பக்கம் தாழ்ப்பாள். இருந்த தாழ்ப்பாள் உடைந்து, ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. அதனால் தனியாக யாரும் போவதில்லை, தோழி வராத நாளில் தண்ணீர் குடிப்பதில்லை. இரண்டாவது, துப்பட்டாவும் பையும் மாட்ட சுவரில் ஒரு கொக்கி, தரை ஈரம். மூன்றாவது, மூடி போட்ட வாளி. நாப்கினைத் தாளில் சுற்றிப் பாவாடை மடிப்பில் மறைத்து வீட்டுக்கே எடுத்துப்போகிறார்கள்.

தண்ணீர் குடிப்பதில்லை என்று அவள் சொன்னபோது என் கை நடுங்கியது. கழிப்பறைக் கட்டடம் வந்துவிட்டது, ஓடு பதித்தாகிவிட்டது, திறப்பு விழா நடந்துவிட்டது, ஆய்வுக்கு வந்தவர்கள் கல்வித் துறையின் எமிஸ் படிவத்தில் ‘உள்ளது, பயன்பாட்டில் உள்ளது’ என்று டிக் அடித்துப் போயிருக்கிறார்கள். ஒரு தாழ்ப்பாளுக்காக அதே தாகம் நாற்பது ஆண்டு கழித்தும் அங்கேயே உட்கார்ந்திருந்தது. மூன்றுக்கும் சேர்த்து ஆன செலவு, பெயர்ப்பலகைக்குக் கேட்ட தொகையில் ஒரு துணுக்கு. திங்கட்கிழமை வேலை முடிந்தது.

2024இல் குழுக்களை மீண்டும் அமைத்தபோது முன்னாள் மாணவர்களுக்கும் இடம் கொடுத்தார்கள். வரவேற்கிறேன், அவர்களால் பள்ளிக்கு நல்லது நடந்திருக்கிறது. ஆனால் நேற்றுப் படித்துவிட்டுப் போனவருக்கு நாற்காலி இருக்கிறது, இன்று படிக்கிறவளுக்கு எங்கள் குழுவில் இல்லை. மத்திய அரசு 2010இல் வெளியிட்ட விதிகளில் இதற்கு வழி திறந்தே இருந்தது. பெற்றோர் போக மீதமுள்ள இடங்களில் மூன்றில் ஒரு பங்கை உள்ளூர்க் கல்வியாளர்களைக் கொண்டோ பள்ளியில் படிக்கும் குழந்தைகளைக் கொண்டோ நிரப்பலாம். யாரைக் கொண்டு நிரப்புவது என்பதைப் பெற்றோர் முடிவுசெய்யலாம். நான் அறிந்த எந்தப் பள்ளியிலும் அந்த நாற்காலியில் ஒரு குழந்தை உட்காரவில்லை. ஊரில் ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் எப்போதும் கிடைத்துவிடுகிறார்.

எதிர்ப்புகள் எனக்குத் தெரியும். “பிள்ளைங்களுக்கு என்ன தெரியும்?” தாழ்ப்பாள் தெரியும், மின்விசிறி தெரியும். “எல்லாத்தையும் கேக்க ஆரம்பிச்சா பரீட்சையே வேணாம்னு சொல்லிடும்.” எட்டாம் வகுப்பில் நான் கேட்ட எதற்கும் அவர்கள் அப்படிச் சொல்லவில்லை. வீட்டுப்பாடத்தை எல்லா ஆசிரியரும் ஒரே நாளில் கொடுக்க வேண்டாம், தேர்வுத்தாளைத் திருத்தி ஒரு வாரத்தில் தாருங்கள் என்றுதான் கேட்டார்கள். ஆசிரியர்கள் சம்பந்தப்பட்ட கோரிக்கை என்பதால் எங்கள் அறையில் சலசலப்பு எழுந்தது. இரண்டும் நியாயம் என்று நான் சொன்னேன். இரண்டாவது மட்டும் இதுவரை நடைமுறைக்கு வந்திருக்கிறது.

வருகிற வெள்ளிக்கிழமை மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு ஒரு தீர்மானம் எழுதிவைத்திருக்கிறேன். ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் கூடிப் பேசி அனுப்பும் ஒரு பெண்ணும் ஒரு பையனும் குழுவில் உட்கார வேண்டும். பருவத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும். கூட்டப்பொருள் பட்டியல் மூன்று நாள் முன்னதாக அவர்கள் கைக்குப் போக வேண்டும், வகுப்பில் கேட்டுவிட்டு வருவதற்கு. பள்ளிக்கு வந்த பணம், செலவான பணம் இரண்டையும் மாதம் ஒருமுறை இறைவணக்கக் கூட்டத்தில் வாசிக்க வேண்டும். தலைவி கையெழுத்துப் போடுவதாகச் சொல்லியிருக்கிறார். பிள்ளைகளை உறுப்பினராகச் சேர்ப்பதற்கு மேலே கேட்க வேண்டும் என்கிறார் ஹெச்.எம். சார். கேட்கட்டும், மனுவையும் நானே எழுதிக் கொடுத்துவிட்டேன். கணக்கு வாசிப்பதற்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை. அதை இந்த மாதமே தொடங்குகிறோம். முதல் மாதக் கணக்கை வாசிக்க அந்தத் திக்குகிற பையன் பெயர் கொடுத்திருக்கிறான்.